மூணாறு தலைப்பு லஸ்கர் ஐயாவை அறிந்தவர்கள் எழுதுங்கள்

மகள்:

வருகிற ஐப்பசியோடு அப்பா போய் ஓராண்டு ஆகிறது. தலைத் திவசத்தன்று பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து அவரைப் பற்றிப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்குத் தெரிந்தது வீட்டில் இருந்த அப்பாவை மட்டும்தான். ஆற்றில் இருந்தவரை அறிந்தவர்கள் நீங்கள்.

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில், பொதுப்பணித் துறை லஸ்கராக 38 ஆண்டுகள் இருந்தார். 1966இல் சேர்ந்தார், 2004இல் ஓய்வு பெற்றார். ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையைப் பார்ப்பது, தினமும் காலை ஆறு மணிக்கு நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் அவர் வேலை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்த மூன்று ஆண்டுகளும் வாரம் ஓர் இன்லண்ட் கடிதம் வரும். அதன் முதல் வரி எப்போதும் ஆற்றின் அளவுதான். "இன்று தலைப்பில் நாலடி இரண்டங்குலம். அம்மா நலம். சிவப்பி கன்று ஈன்றாள். உன் தலைவலி எப்படி இருக்கிறது?" நாலடி என்று இருந்தால் அப்பா நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒன்றரை அடி என்று இருந்தால், நான் பணம் கேட்டு எழுதுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைப்பேன். அந்தக் கடிதங்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி:

தங்கச்சிக்கு வணக்கம். நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தியில் கேட்டுவிட்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, மேலே இருக்கிற ஊர்களெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் எங்களுக்கு. நல்ல ஆண்டிலேயே அப்படி என்றால் பற்றாக்குறை ஆண்டில் கேட்கவே வேண்டாம். முறை வைத்துத்தான் விடுவார்கள். ஆறு நாள் மேலே, ஆறு நாள் கீழே.

1990களில் ஓர் ஆண்டு. சம்பா பால் பிடிக்கிற நேரம். எங்கள் முறை தொடங்கி இரண்டு நாள் ஆகியும் வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. மேலே யாரோ மடை திறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, நாங்கள் ஐந்து பேர் சைக்கிளில் கிளம்பினோம். சண்டைக்குத்தான் போனோம், மறைக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பதினொரு மணி இருக்கும். கோரையாற்றிலிருந்து பக்கத்து ஊருக்குப் பிரிகிற வாய்க்கால் மதகின் மேல், அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உங்கள் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உங்கள் அம்மா, ஒரு பெரிய தூக்குவாளியோடு. எதிரே பத்துப் பேர் நின்றார்கள். முதல் ராத்திரி அவர் அசந்த நேரம் அந்த மதகைத் திறந்தவர்கள் அவர்கள்தான். இரண்டாம் ராத்திரி அவர் வீட்டுக்கே போகவில்லை. முன்னால் நின்றவன் கையில் கடப்பாரை. "அத்தான், அக்கா வீட்டு உலையில் வேகிற அரிசியும் இந்த வாய்க்காலில்தான் விளைகிறது" என்று அவன் சொன்ன பிறகுதான் அது மைத்துனர் என்று எங்களுக்குத் தெரிந்தது.

உங்கள் அப்பா குரலை உயர்த்தவில்லை. "உன் முறை வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்னால் நானே வந்து திறக்கிறேன். இன்றைக்கு இது கீழே இருப்பவன் தண்ணீர்" என்றார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்குவாளியைத் திறந்து, வாழை இலையைக் கிழித்து, முதலில் தம்பிக்கு வைத்தார்கள். பிறகு அந்தப் பத்துப் பேருக்கும், எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டு உருண்டை. அந்தக் கையால் வாங்கிச் சாப்பிட்ட பிறகு யாருக்கும் கடப்பாரையைத் தூக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. அந்த வாய்க்காலில் உங்கள் வீட்டுக்கும் மூன்று மா நிலம் இருந்தது என்பதும், அதில் பாதி அந்த ஆண்டு பதராகிப் போனது என்பதும் அடுத்த தைக்கு ஒரு மூட்டை நெல்லோடு உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மூட்டையை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மாவின் தம்பி:

அந்தக் கடப்பாரை என் கையில்தான் இருந்தது, பாப்பா. அன்றைக்கு அக்கா கொண்டுவந்தது கத்தரிக்காய்ப் புளிக்குழம்புச் சோறு. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அத்தான் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தார். அந்த மணிச் சத்தத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வேறு எழுத எனக்கு வரவில்லை.

1977 புயலின்போது பள்ளியில் தங்கியிருந்த சிறுவன்:

அந்த நவம்பர் 12ஆம் தேதி விடிந்தபோது எங்கள் தெருவில் நின்ற கூரை ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தோம். கரை உடைப்பெடுத்த இடத்தில் சவுக்குக் கட்டை அடித்து, கீற்றையும் வைக்கோலையும் மணல் மூட்டையையும் போட்டு ஆட்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மூட்டையை வாங்கி வாங்கி வைத்தவர்களில் லஸ்கர் ஐயாவும் ஒருவர். சாயங்காலம் ஈர வேட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, வரிசையாகப் படுத்திருந்த எங்களுக்குள் தம் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து, காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் திரும்பிப் போனார். அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் நான். நீங்கள்தானா அது என்று தெரியவில்லை.

அவரிடம் தொழில் கற்றவன்:

நான் பணியில் சேர்ந்தது அவருடைய கடைசி ஆண்டுகளில். ஷட்டரின் திருகுத் தண்டுக்குக் கிரீஸ் போடுவதிலிருந்து, கரையில் நண்டு வளையைக் கண்டுபிடித்து மண் வைத்து மிதிப்பது வரை கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். நண்டு வளையிலிருந்துதான் உடைப்பு தொடங்குகிறது என்பார்.

2002லும் 2003லும் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. ஆற்றுக்குள் ஆடு மேய்ந்தது. தண்ணீரே இல்லாத ஆற்றில் எதை அளப்பது? ஒரு வாரம் நான் தலைப்புக்குப் போகாமல், வீட்டில் இருந்தபடியே பதிவேட்டில் தினமும் பூஜ்யம் என்று எழுதி வைத்தேன். எட்டாம் நாள் விடியற்காலையில் என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. சைக்கிளில் பின்னால் உட்காரச் சொல்லி ஆற்றுக்குக் கூட்டிப் போனார். மணலில் இறங்கி அளவுக்கல்லின் அடியில் குந்தினார். காற்றில் மணல் ஏறி, கல்லின் கீழ் இரண்டு அங்குலம் மூடிக் கிடந்தது. விரலால் தோண்டிக் காட்டினார்.

"நாளைக்குத் தண்ணீர் வந்தால் எதிலிருந்து எண்ணுவாய், தம்பி? பூஜ்யத்தையும் வந்து பார்த்துத்தான் எழுத வேண்டும்."

அதற்குப் பிறகு நான் பார்க்காமல் ஓர் எண்ணையும் எழுதியதில்லை.

மகள்:

எல்லாரும் எழுதியதை நேற்று இரவு முழுவதும் படித்தேன். புயலன்று பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தது நானல்ல, என் அண்ணன். நான் அப்போது பிறக்கவில்லை. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அப்பா வந்ததே தெரியாது என்று அழுதார்.

கடைசியாக எழுதியவரின் அனுபவத்தைப் படித்த பிறகு என்னிடம் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கடைசி நான்கு ஆண்டுகள் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார் டாக்டர். அப்பா 150 மில்லி பிடிக்கிற ஒரு டம்ளரைத் தேடி வாங்கினார். காலை ஆறு மணியிலிருந்து ஆறு முறை. மீதி 100 மில்லி மாத்திரைகளுக்கு. நோட்டில் தேதி, மணி, அளவு என்று கோடு போட்டு, ஆற்றின் பதிவேட்டைப் போலவே எழுதினார். அம்மா நாக்கு வறண்டு கேட்கும்போது "அடுத்த முறை பத்து மணிக்கு" என்பார். அதுவரை ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார்.

ஒரு சித்திரை மாதம் அவரே கூடத்தில் மயங்கி விழுந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் நீரே இல்லை என்றார். விசாரித்தால், அம்மாவுக்கு அளவு வைத்த நாளிலிருந்தே அம்மா குடித்த ஆறு டம்ளருக்கு மேல் அவரும் குடிப்பதில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவரிடம் பேசவில்லை. அம்மாதான் கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டு ஒரு செம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்.

2019 பங்குனியில் அம்மா போய்விட்டார். அந்த நோட்டில் அம்மாவின் கடைசி நாளில் ஒரே ஒரு பதிவு இருக்கிறது. காலை ஆறு மணி, 150. அதோடு முடிந்திருக்கும் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். நேற்று இரவு பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் தேதி போட்டு, ஆறு மணி என்று எழுதி, எதிரே பூஜ்யம். அதற்கு மறுநாளும் அப்படியே. கருமாதி வரைக்கும் பதினாறு நாள், பதினாறு பூஜ்யம்.

வெறும் கட்டிலை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதியிருக்கிறார்.