16 செ.மீ. மேன்டல் பலகையில் கிறிஸ்துமஸ் குடில் வைக்க வழி உண்டா?

தூத்துக்குடிக்காரி · டிசம்பர் 4

லீட்ஸில் இருக்கிறேன். நாங்கள் வாங்கியிருப்பது விக்டோரியா காலத்துச் செங்கல் வரிசை வீடு. முன்னறையில் வார்ப்பிரும்புக் கணப்பு, அதைச் சுற்றி வெள்ளை பெயின்ட் அடித்த மரச்சட்டம், அதன் தலைமேல் ஒரு பலகை. அந்தப் பலகைதான் மேன்டல். ஒரு காலத்தில் கரி எரிந்த குழியில் இப்போது கரித்துண்டு மாதிரியே செய்து அடுக்கிய கேஸ் நெருப்பு. டிசம்பரில் மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடும். அதைப் பற்றவைக்காமல் எங்களுக்குச் சாயங்காலம் ஓடாது.

பலகை 137 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம். அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு சாண்கூட இல்லாத இந்த இடத்துக்கு வீட்டில் நாலு பேர் போட்டி. என் கணவருக்குக் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் கடிகாரம் இடம் மாறக்கூடாது. பையனுக்கு (7 வயது) பள்ளியில் எல்லோர் வீட்டிலும் இருப்பது போல ஸ்டாக்கிங் (பரிசு போடுகிற காலுறை) தொங்க வேண்டும். எனக்கு எதிர்வீட்டு ஜன்னலில் தெரிகிற மாதிரி பச்சை மாலையும் விளக்கும் வேண்டும், அதை மறைக்கவில்லை. நாலாவது ஆள் அம்மா. 19-ஆம் தேதி வருகிறாள், பெட்டியில் குடில் பொம்மைகளோடு. எங்கள் பாட்டி காலத்து மண் பொம்மைகள், மொத்தம் 17. வீடியோ காலில் ஃபோனைத் திருப்பிப் பலகையைக் காட்டச் சொன்னாள். "போதும், வச்சிரலாம்" என்றாள். ஊரில் அவள் குடில் வைக்கிற மேசை எங்கள் சாப்பாட்டு மேசையைவிடப் பெரிது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

போன வருஷத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதே தப்பை மறுபடி செய்யக்கூடாது. 2.7 மீட்டர் பிளாஸ்டிக் மாலை வாங்கி, பலகையின் முன்விளிம்பில் ஒட்டும் கொக்கி வைத்துத் தொங்கவிட்டேன். நெருப்பு இரண்டு மணி நேரம் எரிந்தது. அணைத்துவிட்டு டீ போடப் போனேன். டக், டக், டக் என்று மூன்று கொக்கி வரிசையாகக் கழன்று மாலை மொத்தமும் கணப்பின் வாயில் விழுந்து கிடந்தது. அணைத்திருந்தோமோ, பிழைத்தோமோ. அப்புறம் அழகுக்காக இரண்டு முனையிலும் நீளச் சிவப்பு மெழுகுவர்த்தி வைத்திருந்தேன், ஏற்றவே இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டும் இரவு பஸ்ஸில் தூங்கி விழுகிற ஆள் மாதிரி முன்பக்கம் வளைந்து நின்றன.

ஆணி அடிக்கக் கணவர் விடமாட்டார். என்ன செய்யலாம்?

---

ஸ்கார்பரோ அக்கா · டிசம்பர் 4

தங்கச்சி, கொக்கியை விடுங்கோ. ஒட்டுற கொக்கி பெரும்பாலும் 40 டிகிரி சூடு வரைக்கும்தான் தாங்கும். பெட்டியிலேயே சின்ன எழுத்தில போட்டிருக்கும், ஒருவரும் வாசிக்கிறதில்லை, நானும் வாசிக்கேல்லை.

மேன்டலைவிடக் கொஞ்சம் கட்டையாக, 5 செ.மீ. அகலத்தில ஒரு மெல்லிய மரச்சட்டம் வெட்டி எடுங்கோ. சாணுக்கு ஒரு துளை போட்டு, பூக்கடைக்காரர் பாவிக்கிற மெல்லிய கம்பியால மாலையை அதிலேயே கட்டிவிடுங்கோ. சட்டத்தை மேன்டலுக்கு மேல சுவரோட ஒட்டி வைச்சு, இரண்டு முனையிலும் பாரம் வைக்க வேணும். நான் வைக்கிறது துணிப்பையில கட்டின அரிசி, பக்கத்துக்கு 2 கிலோ. மாலை அதை மறைச்சுப் போடும். ஒரு ஆணியும் தேவையில்லை, ஜனவரியில அரிசியைச் சமைக்கலாம்.

நீளம் உங்களிட்டச் சரியாத்தான் இருக்கு. மேன்டலின்ர நீளத்தில இரண்டு மடங்கு எண்டால் இரண்டு பக்கமும் வடிவாத் தொங்கும். ஆனால் பக்கத்தில தொங்கட்டும், நடுவில வாய்க்கு மேல வளைச்சு விடாதேங்கோ.

மேல வைச்சு வைச்சுப் பார்த்துக் களைக்க வேண்டாம். நிலத்தில அதே அளவுக்குப் பேப்பரை வெட்டிப் போட்டு அதில அடுக்குங்கோ. ஃபோனில படம் எடுத்துப் பாருங்கோ, கண்ணுக்குத் தெரியாத கோணல் படத்தில தெரியும். மணிக்கூட்டை நடுவில வைச்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைச்சால் அது வங்கிக் கவுன்டர் மாதிரி இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளுங்கோ. உயரத்துக்குப் பின்னால புத்தகத்தைப் படுக்க வைச்சு மேல துணி. கொலுப்படி கட்டின சனத்துக்கு இதைச் சொல்லித்தர வேணுமோ?

ஸ்டாக்கிங் விஷயத்தில மட்டும் கவனம். மான் உருவத்தில பாரமான இரும்புக் கொக்கி வாங்கி மேன்டலில வைச்சு அதில தொங்கவிட்டனான். என்ர மகன் உள்ளே என்ன இருக்கெண்டு இழுத்துப் பார்த்தான். இரும்பு மான் அவன்ர காலுக்கு நாலு விரல் தள்ளி விழுந்தது, ஓடு வெடிச்சது இன்னும் அப்படியே கிடக்கு. இப்ப எங்கட வீட்டில ஸ்டாக்கிங் எல்லாம் மாடிப்படிக் கைப்பிடியில. 24-ஆம் தேதி இரவு நெருப்பை அணைச்ச பிறகுதான் கணப்புக்கு வரும்.

---

கோத்தகிரிக்காரர் · டிசம்பர் 5

எஸ்டேட் குவார்ட்டர்ஸில் கணப்போடு வளர்ந்தவன் என்ற முறையில் இலைதழை பற்றி மட்டும் சொல்கிறேன்.

அசல் தழை வைப்பதாக இருந்தால் கிறிஸ்துமஸ் மரம் விற்கிற இடத்தில் அடிக்கிளை கழித்துப் போட்டிருப்பார்கள், கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். நார்ட்மன் ஃபர் என்று கேட்டு வாங்குங்கள். நார்வே ஸ்ப்ரூஸ் வாசனை நன்றாக இருக்கும், ஆனால் சூடான அறையில் ஊசி இலையைக் கொட்டித் தீர்த்துவிடும். கிளையின் அடியைப் புதிதாக வெட்டி ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு அப்புறம் கட்டுங்கள். விரலால் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இருக்கலாம், ஒடிந்தால் அன்றைக்கே குப்பைக்கு.

இன்னொன்று. அந்த ஊர்ப் பூக்கடைகளில் சாம்பல் பச்சையில் வட்ட வட்ட இலையோடு ஒரு கொத்து அழகாக விற்பார்கள். யூகலிப்டஸ் என்று சொல்வார்கள். அது நம் தைல மரத்தின் இனம்தான். நீலகிரியில் தைல மரத்து இலையை வடித்துத்தான் தைலம் எடுக்கிறோம். ஈரமில்லாத இலையை அடுப்பில் போட்டால் பட்டாசு மாதிரி வெடித்து எரியும், அத்தனை எண்ணெய். நாங்கள் விறகு பற்றவைக்க வைத்திருந்த சமாச்சாரத்தை மேன்டலில் தோரணம் கட்டுகிறார்கள், பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். எரிகிற கணப்புக்கு மேலே அது வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் சைப்ரஸ் கிளையும் பைன் காயும்தான். மூடிய பைன் காயை அறைச் சூட்டில் வைத்தால் காய்ந்து தானாக விரியும். குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை.

---

கேஸ் ஃபிட்டர் தம்பி · டிசம்பர் 5

அக்கா, அலங்காரம் எனக்குத் தெரியாது. உங்கள் மெழுகுவர்த்திதான் எனக்கு இடிக்கிறது.

கேஸ் கணப்பில் சூட்டின் ஒரு பகுதி புகையோடு சிம்னி வழியாக மேலே போக வேண்டும். பலகை சூடாவது சகஜம்தான், ஆனால் ஏற்றாத மெழுகு மூன்றே நாளில் வளைகிறது என்றால் ஒரு தடவை பார்க்க வைப்பது நல்லது. சிம்னி அடைத்திருந்தால் புகை வாயின் மேல்விளிம்பு வழியாக அறைக்குள்ளேயே திரும்பும். அதில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கலாம், வாசனையே தெரியாது.

கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவு உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். கதவு ஜன்னலை மூடி, நெருப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, வாயின் மேல்விளிம்பில் புகைக்குச்சியைப் பிடிப்பார். புகை உள்ளே இழுபட வேண்டும். அதுவரை பற்றவைக்காதீர்கள். அப்புறம் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் எங்கே இருக்கிறது? கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மாலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது.

---

தூத்துக்குடிக்காரி · டிசம்பர் 12

தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ஆள் வந்தார். புகைக்குச்சியை வாயில் பிடித்தார். புகை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு நிதானமாக வெளியே வந்து, மேன்டல் பலகையின் அடியைத் தடவிக்கொண்டு, சரியாக அந்த மெழுகுவர்த்திகள் நின்ற இடத்துக்கு ஏறியது. நான் வாயைத் திறக்கவில்லை.

சிம்னிக்குள் ஜாக்டா கூடு. இங்கே காக்கையில் சின்ன இனம், புகைபோக்கிக்குள் சுள்ளியைப் போட்டுப் போட்டு அடைத்துக் கூடு கட்டும். கேஸ் வால்வை மூடி, பயன்படுத்தக் கூடாது என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். சிம்னி சுத்தம் செய்பவருக்கு ஜனவரி 8-ஆம் தேதிக்குத்தான் நேரம் கிடைத்தது. அலாரம் எங்கே என்று கேட்டீர்களே, சமையலறை டிராயரில், பேட்டரி இல்லாமல் இருந்தது. திட்ட வேண்டாம், கணவர் திட்டி முடித்துவிட்டார். இப்போது புத்தக அலமாரியில், 2 மீட்டர் தள்ளி.

ஆக இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நெருப்பு கிடையாது. ரேடியேட்டர் உண்டு, அம்மா உறைய மாட்டாள். ஸ்கார்பரோ அக்கா, சட்டம் வெட்டியாயிற்று, அரிசிப்பை தைத்தாயிற்று. பொன்னி அரிசி.

---

ஸ்கார்பரோ அக்கா · டிசம்பர் 12

நெருப்பில்லாட்டில் ஸ்டாக்கிங்கை இப்பவே தொங்கவிடுங்கோ, பெடியன் சந்தோஷப்படட்டும். ஆனால் இரும்புக் கொக்கி வேண்டாம். மாலை கட்டின சட்டத்திலேயே நாடாவால கட்டுங்கோ.

---

தூத்துக்குடிக்காரி · டிசம்பர் 27

அம்மா வந்தாள். பெட்டியைத் திறந்தால் பாதி மக்ரூன், பாதி பழைய செய்தித்தாளில் சுற்றிய பொம்மைகள். முன்னறைக்கு வந்து நின்று, நான் தரையில் பேப்பர் விரித்து மூன்று நாள் அடுக்கிப் பார்த்த மேன்டலை ஒரு பார்வை பார்த்தாள். நார்ட்மன் கிளை, நடுவே பைன் காய், ஆறு மணி நேரம் எரிந்து தானாக அணைகிற குட்டி விளக்குச் சரம், வலது ஓரத்துக்கு நகர்ந்த கடிகாரம் (கணவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை). "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எங்கள் அம்மாவை அறிந்தவர்களுக்கு அந்த "தான்" புரியும்.

அப்புறம் குனிந்து கீழே பார்த்தாள். நெருப்பில்லாத கணப்பு. கன்னங்கரேலென்று வார்ப்பிரும்பு, வளைந்த மேல்விளிம்பு, உள்ளே போகப் போக இருட்டு. "இவ்வளவு பெரிய குகையை வச்சிக்கிட்டு பலகையை அளந்துக்கிட்டு இருக்கியே" என்றாள்.

அவ்வளவுதான். ஊரில் வருஷா வருஷம் காகிதத்தைக் கசக்கி, கறுப்புச் சாயம் பூசி, பாறை என்று நம்பவைப்பாள். இங்கே 130 வருஷக் கரி ஏறிய நிஜக் குகை. போலிக் கரித்துண்டுகளை எடுக்க நான் விடவில்லை, அது கேஸ்காரர் வேலை. அதன் மேலேயே ஒரு தட்டு வைத்து, முயலுக்கு விற்கிற காய்ந்த புல்லைப் பரப்பி, மாடு, கழுதை, மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடுகள் எல்லாம் உள்ளே போயாயிற்று. 24-ஆம் தேதி நள்ளிரவில் பாலனை வைத்தோம். பையன் டார்ச் பிடித்தான்.

ஸ்டாக்கிங்கைப் பார்த்து அம்மா சிரிக்கவில்லை, எனக்கே ஆச்சரியம். "இது நிக்கோலாஸ் ஆயர் கதைல்லா" என்றாள். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்கள் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாகப் பொன்னைப் போட்டுவிட்டுப் போன ஆயர். அந்தப் பொன் கணப்புப் பக்கம் காயப்போட்ட காலுறைக்குள் விழுந்தது என்று ஒரு கதை உண்டே, அதைப் பையனுக்குச் சொன்னாள். அவன் ஸ்டாக்கிங்கில் இங்கத்து வழக்கப்படி ஆரஞ்சும், அதற்குக் கீழே மக்ரூனும் இருந்தன. அடியில் இருந்தது நொறுங்கிவிட்டது. ஸ்பூனால் சாப்பிட்டான்.

சரி, பாலனைத் தேடி வரும் மூன்று ராஜாக்களின் பொம்மைகளுக்கு வருகிறேன். அவர்கள் ஜனவரி 6-ஆம் தேதிதான் வந்து சேர வேண்டும் என்று அம்மா குடிலுக்குள் விடவில்லை. மேன்டலின் இடது முனையில், மாலைக்கு முன்னால் மிஞ்சிய கொஞ்ச இடத்தில் நிறுத்தினாள். தினமும் கொஞ்சம் நகர வேண்டுமாம். பையன் ஸ்கேலை எடுத்து வந்து கணக்குப் போட்டான். 12 நாள், நாளைக்கு 11 செ.மீ. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் நகர்த்துகிறான்.

---

கோத்தகிரிக்காரர் · டிசம்பர் 28

தாயாருக்கு என் வணக்கம். கிளை ஒடிகிறதா, வளைகிறதா?

---

தூத்துக்குடிக்காரி · ஜனவரி 5

வளைகிறது சார். ஊசி ஒன்றிரண்டுதான் கொட்டியது.

ராஜாக்கள் இன்று 121-ஆவது செ.மீ.-இல், கடிகாரத்துக்கு முன்னால். நாளை காலை கீழே இறங்குகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதே நாளோடு அலங்காரத்தைக் கழற்றிவிடுவார்கள், வைத்திருந்தால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. பன்னிரண்டு நாள் நடந்து வந்த விருந்தாளியை வந்த அன்றைக்கே பெட்டியில் போடுவதா என்று அம்மாவுக்குக் கோபம். அவள் கணக்கில் பிப்ரவரி 2 வரை, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் வரை, குடில் இருக்கலாம். ஆனால் 8-ஆம் தேதி சிம்னிக்காரர் வருகிறார், அவரிடம் திருநாள் கணக்கு எடுபடாது. கடைசியில் 7-ஆம் தேதி ராத்திரி என்று பேசி முடித்திருக்கிறோம்.

நேற்று ராத்திரி காற்று அதிகம். காலையில் பார்த்தால் ஜாக்டா கூட்டிலிருந்து ஒரு சுள்ளி விழுந்து, மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் குறுக்கே கிடக்கிறது. எடுக்கப் போனேன். "இருக்கட்டும், விறகுக்கு ஆகும்" என்றாள் அம்மா.