புது கிளாசிக் 350, 180 கி.மீ. தான் ஓடிருக்கு, பழனி வரைக்கும் போலாமா?

வைகைக்கரையான்:
அண்ணன்மாருக்கு வணக்கம். மதுரைல இருக்கேன், வண்டி எடுத்து பன்னெண்டு நாள் ஆச்சு, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, மீட்டர்ல 180 காட்டுது, எல்லாம் வீடு ஆபிஸ் வீடு ஓட்டம் தான். வர்ற ஞாயித்துக்கிழமை வண்டிய பழனிக்கு கொண்டு போயி பூஜை போட்டுட்டு வரணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு, பின்னாடி அவரும் உக்காந்து வருவாரு. போக வர 240 கி.மீ. கிட்ட வரும். என்ன பிரச்சினைனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஷோரூம்ல சாவி குடுக்கும்போது "அறுபதுக்கு மேல போகாதீங்க சார்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. தெருமுனை மெக்கானிக் அண்ணன் 500 கிலோமீட்டர் வரைக்கும் நாப்பத தாண்டவே கூடாதுங்குறாரு. கூட வேலை பாக்குறவன் ஒருத்தன், மொத நாள்ல இருந்தே முறுக்கி ஓட்டுனா தான் பிக்கப் நிக்கும், இல்லைனா வண்டி கடைசி வரைக்கும் சோம்பேறியாவே இருக்கும்ங்குறான். நான் இப்ப நாப்பதுல தான் போறேன், மைலேஜ் வரட்டும்னு அஞ்சாவது கியர் போட்டா டொக்கு டொக்குன்னு உதறுது, அது சாதாரணம் தானா? ஆர்பிஎம் மீட்டர் வேற இந்த வண்டில கிடையாது. போலாமா, இல்ல மொத சர்வீஸ் முடிஞ்ச பிறகு தானா?

ஓஎம்ஆர்_ராத்திரி:
மச்சி உன் ஆபிஸ் பிரெண்டு தான் கரெக்ட்டு. நான் என் 200சிசிய எடுத்த அன்னிக்கே கேளம்பாக்கம் தாண்டி நல்லா இழுத்துட்டேன், இப்ப 40,000 ஓடிடுச்சு, ஒரு சொட்டு ஆயில் குறையல. ரன்னிங் இன், அதான் புது வண்டிய கொஞ்ச நாள் பொறுமையா ஓட்டி பழக்குறது, அதெல்லாம் தாத்தா காலத்து கதை. பழனிக்கு தாராளமா போ.

டூஸ்ட்ரோக்_மாமா:
தாத்தா வந்துட்டேன் 😄 தம்பி, எங்க காலத்துல டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோல்லயே ஆயில கலந்து ஊத்தி ஓட்டுனோம், புது பிஸ்டன் போட்டா அளவுக்கு மேல ஒரு மூடி கூடவே ஊத்துவோம். நான் ரீபோர் போட்ட (தேஞ்ச சிலிண்டர கடைஞ்சு புது பிஸ்டன் போடுறது) மூணாம் நாளே அவசரப்பட்டு பைபாஸ்ல முறுக்கி, பிஸ்டன் புடிச்சுக்கிட்டு பின் சக்கரம் அப்படியே லாக் ஆயி ரோட்டுல கோடு போட்டுச்சு. தப்பு முழுக்க என்னுது. அதுக்கப்புறம் பத்து வருஷம் கிளட்ச்ல ரெண்டு விரல வச்சுக்கிட்டே தான் வண்டி ஓட்டுனேன், தூக்கத்துல கூட விரல் மடங்கியே இருக்கும்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க. இப்ப வர்ற ஃபோர் ஸ்ட்ரோக்ல அந்த பயம் இல்ல தான், ஆனாலும் நாப்பதுல போறதுல என்ன குறைஞ்சு போச்சு? மெக்கானிக் சொல்றத கேளு.

கோவை_லேத்து:
நான் லேத் வச்சிருக்கறவனுங்க, சிலிண்டருக்கு போர் போட்டு ஹோனிங் பண்றது தான் பொழப்பு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

போர் போட்டு முடிச்சதும் சிலிண்டரோட உள்சுவர கண்ணாடி மாதிரி வழவழன்னு விட்டுட மாட்டோம், ஹோனிங் கல்ல உள்ள விட்டு குறுக்கும் மறுக்குமா மெல்லிசா கீறல் போடுவோம், பாக்க வலை பின்னுன மாதிரி இருக்கும். அந்த பள்ளத்துல தான் ஆயில் தங்கும். பிஸ்டன சுத்தி மாட்டற புது ரிங்கு அந்த கீறலோட மேட்டுல உரசி உரசி அத தேச்சு தானும் தேஞ்சு சுவரோட ஒண்ணா படிஞ்சுக்கும். ரன்னிங் இன்ல பெரும்பகுதி இவ்வளவு தானுங்க, மீதி கியர் பல்லு, கேம், கிளட்ச் பிளேட்டு இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பழகறது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ரிங்கு சுவர்ல அழுந்தறது அதோட ஸ்பிரிங் பலத்துல மட்டும் இல்லைங்க, மேல எரியற கேஸ் ரிங்குக்கு பின்னாடி பூந்து வெளிய தள்ளுது பாருங்க, அது தான் பெரிய அழுத்தம். ஆக்சிலேட்டரே குடுக்காம 500 கிலோமீட்டரும் பூனை நடை நடந்தா அந்த அழுத்தம் சரியா கெடைக்காது, ரிங்கு படியறதுக்குள்ள சுவர்ல ஆயில் காஞ்சு வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளப்பு ஏறிக்கும், கிளேஸிங்னு சொல்வோம். அதுக்கப்புறம் ஆயில் குடிக்கும், சைலன்சர்ல நீலப்புகை வரும், எங்கிட்ட தான் கொண்டு வரோணும். அதனால ஓஎம்ஆர் தம்பி சொன்னதுல பாதி நெசம். மீதி பாதி என்னன்னா, புதுசுல உரசல் ஜாஸ்தி, உரசற எடத்துல சூடும் ஜாஸ்தி, வுடாம முறுக்கிட்டே போனா மேடு பதமா தேயாம பிஞ்சு இழுத்துக்கும், பிஸ்டன்ல கோடு விழும். அவரு வண்டி தப்பிச்சுதுன்னா, இப்பல்லாம் ஃபேக்டரிலயே அந்த மேட்டோட உச்சிய ஓரளவு மழுக்கி தான் அனுப்பறாங்க, அந்த புண்ணியம்.

நாப்பதுல அஞ்சாவது கியர் போடறீங்களே, அத இன்னைக்கே நிறுத்துங்க. மத்தது எல்லாத்தையும் விட அது தான் கெடுதல். இந்த எஞ்சினுக்கு 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, முழுசா வர்றதே 4000 ஆர்பிஎம்ல. நீங்க அதுக்கு ரொம்ப கீழ வச்சு பெரிய கியர்ல இழுக்க சொன்னா, மேட்டுல சைக்கிள் மிதிக்கறப்ப கால் நடுங்குமே அந்த மாதிரி தான். எஞ்சின் மெதுவா சுத்தறதால ஆயில் பம்பும் மெதுவா தள்ளும், ஆனா பேரிங் மேல விழற குத்து மட்டும் பெருசு. அந்த டொக்கு டொக்கு அதோட சத்தம் தான். நாப்பதுன்னா மூணாவது கியர், அம்பதுன்னா நாலாவது. மீட்டர் இல்லாட்டி காது இருக்குதுங்க, உதறல் நின்னு சத்தம் உருண்டையா வந்தா கியர் சரி, அலற ஆரம்பிச்சா அடுத்தது போடுங்க.

வைகைக்கரையான்:
அண்ணே கோடி நன்றி, இத ஷோரூம்ல ஒருத்தரு கூட சொல்லல. அப்ப பழனி போலாமாண்ணே? திண்டுக்கல் வரைக்கும் நாலு வழிச்சாலை, 60லயே பிடிச்சு ஒரே சீரா போயிடலாம்ல?

கோவை_லேத்து:
போங்க, ஆனா அந்த "ஒரே சீரா" மட்டும் வேண்டாம். ஒரே வேகத்துல ரெண்டு மணி நேரம் போனா ரிங்கு ஒரே மாதிரி சுமைலயே உரசிட்டு இருக்கும். அறுபது வரைக்கும் நிதானமா ஏத்துங்க, ஆக்சிலேட்டர விட்டுருங்க, தானா நாப்பத்தஞ்சுக்கு எறங்கட்டும், கியர் மாத்தி மறுபடி ஏத்துங்க. ஆக்சிலேட்டர மூடறப்ப சிலிண்டர் உள்ள உறிஞ்சல் வந்து ஆயில் மேல ஏறும், தேஞ்ச பொடியும் கழுவிட்டு போகும். பின்னாடி லாரி வராத நேரமா பாத்து இத செய்ங்க, ஹாரன் அடிச்சே கொன்னுருவாங்க. கொடைரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு மூணு எடத்துல நிறுத்தி பத்து நிமிசம் ஆற விடுங்க, அப்பாவுக்கும் இடுப்பு பிடிக்காது. அப்பா உக்கார்றதுல ஒண்ணும் இல்ல, மேம்பாலம் ஏறறப்ப மட்டும் ஒரு கியர் குறைச்சுக்கோங்க. காலைல ஸ்டார்ட் பண்ணி வாசல்லயே பத்து நிமிசம் ஓட விடற பழக்கம் இருந்தா விட்டுருங்க, அரை நிமிசம் போதும், மெதுவா ஓட்டிட்டே சூடு பண்ணுங்க.

மலைச்சாலை_பித்தன்:
எஞ்சினையே பேசறீங்க, டயர மறந்துட்டீங்க எல்லாரும். புது டயர் மேல அச்சுல இருந்து வந்த வழவழப்பு இருக்கும், மொத 150 கி.மீ. வரைக்கும் வளைவுல படுக்க கூடாது, ஈரத்துல வழுக்கும். நீங்க 180 தாண்டிட்டீங்க, ஆனா நேர் ரோட்டுலயே ஓட்டிருந்தா டயரோட ஓரம் இன்னும் புதுசு தான். பிரேக் பேடும் அப்படி தான், பழகுற வரைக்கும் கொஞ்சம் தூரம் விட்டே போங்க. செயினும் புதுசுல தளரும், திரும்பி வந்ததும் ஒரு பார்வை பாருங்க.

டூஸ்ட்ரோக்_மாமா:
லேத்துக்காரர் சொன்னத ரெண்டு தடவை படிச்சேன். ஒத்துக்குறேன். விரல் மட்டும் மடங்கியே இருக்கும் 😄

ஓஎம்ஆர்_ராத்திரி:
தல, பாதியாவது நெசம்னு சொன்னீங்களே, அது போதும். ஆனா மேனுவல்ல இல்லாத எதையும் செஞ்சுட்டு வாரன்டிக்கு போய் நிக்காத மச்சி, இது மட்டும் என் பங்கு.

வைகைக்கரையான்:
போயிட்டு வந்துட்டோம், மீட்டர் 428. எலுமிச்சம்பழம் நசுக்கி மாலை போட்டு பூஜை நல்லபடியா முடிஞ்சுது, அந்த மாலை நார் பின்சக்கரத்துல சுத்துறதுக்குள்ள அவுத்துட்டேன் (இதயும் யாராச்சும் சொல்லிருக்கலாம்). ஏத்தி எறக்கி போனதுல அப்பா தான் கடுப்பாயிட்டாரு, "ஏன்டா வண்டி புதுசா இல்ல நீ புதுசா"ன்னு கேட்டாரு. ஆனா அஞ்சாவது கியர்ல உதறுறது சுத்தமா நின்னுபோச்சு, ஏன்னா நாப்பதுல அஞ்சாவது போடுறதே இல்ல.

அப்புறம் ஒரு சந்தேகம். இன்னைக்கு மொத சர்வீஸ் விட்டேன், 500 கி.மீ. இல்ல 45 நாள், எது முன்னாடியோ அதுக்கு போகணும்னு சொல்லிருந்தாங்க. எறக்குன ஆயில கேட்டு வாங்கி பாத்தேன், வெயில்ல காட்டுனா வெள்ளிப்பொடி தூவுன மாதிரி மினுமினுங்குது. பயந்துட்டேன். அப்புறம் புது ஆயிலா கார் ஆயில் ஃபுல் சிந்தெட்டிக் ஊத்தலாம்னு கூட வேலை பாக்குறவன் சொல்றான்.

கோவை_லேத்து:
நீங்க தேச்ச மேடு தானுங்க அந்த மினுமினுப்பு, அது வெளிய வர்றதுக்கு தான் மொத சர்வீஸே. ஃபில்டரையும் மாத்துனாங்களான்னு பில்லுல பாருங்க. ரெண்டு விரல்ல ஆயில தொட்டு தேய்ங்க, பொடி மாதிரி இருந்தா சரி, மணல் மாதிரி நெருடுனாலோ துண்டா தெரிஞ்சாலோ தான் கவலைப்படோணும். கார் ஆயில் வேண்டவே வேண்டாம், நம்ம வண்டில கிளட்ச் ஆயில்லயே தான் முங்கி இருக்குது, கார் ஆயில்ல போடற வழுக்கற மருந்து கிளட்ச் பிளேட்ட நழுவ விட்டுரும். மேனுவல்ல போட்ட கிரேடு 15டபிள்யூ50, டப்பால ஜாஸோ எம்ஏ2ன்னு, அதாவது ஆயில்ல முங்கற கிளட்சுக்கு ஆகும்ங்கற முத்திரை, இருக்குதான்னு பாருங்க, அதே போதும். கூட வேலை பாக்கறவருக்கு வண்டி இருக்குதுங்களா?

வைகைக்கரையான்:
இல்லண்ணே, பஸ்ல தான் வருவான்.