சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு: நான்குமே தப்பாக வருகிறது, எங்கே பிழை?

கேள்வி – கூட்டல்கழித்தல்

எட்டு எண்கள்: 12, 7, 15, 7, 9, 48, 10, 7.

எனக்கு வந்த விடைகள்: சராசரி 108.875, இடைநிலை 8, முகடு 3, வீச்சு 7 முதல் 48 வரை. விடைத்தாளில் இருப்பதோ 14.375, 9.5, 7, 41. சராசரியைப் போனில் உள்ள கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், அதே 108.875தான். இடைநிலைக்கு நடுவில் இருக்கும் 7, 9 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். எந்த இடத்தில் சறுக்குகிறேன் என்று யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1 – ஏறுவரிசை

உங்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. நாலும் நாலு தனித்தனிச் சறுக்கல்.

சராசரி: 12 + 7 + 15 + 7 + 9 + 48 + 10 + 7 ÷ 8 என்று ஒரே மூச்சில் தட்டியிருக்கிறீர்கள். போன் கால்குலேட்டர் முதலில் வகுத்தலைச் செய்துவிடும். கடைசி 7 மட்டும் 8ஆல் வகுபட்டு 0.875 ஆகிறது, மிச்சம் 108 அப்படியே நிற்கிறது. கூட்டி முடித்ததும் சமக்குறியை அழுத்தி 115 வந்ததைப் பார்த்துவிட்டு, பிறகு 8ஆல் வகுங்கள். இல்லையென்றால் கூட்டலை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். (இடமிருந்து வலமாக வந்ததை வந்தபடி செய்யும் பழைய மேசைக் கால்குலேட்டரில் இதே தட்டலுக்குச் சரியான விடை வந்துவிடும். குழப்பம் பாதி அதனால்தான்.) விடையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மிகப் பெரிய எண்ணே 48. சராசரி ஒருநாளும் அதைத் தாண்டாது, மிகச் சிறிய எண்ணுக்குக் கீழேயும் போகாது.

இடைநிலை: வரிசைப்படுத்தாமலே நடுவை எடுத்துவிட்டீர்கள். ஏறுவரிசையில் எழுதினால் 7, 7, 7, 9, 10, 12, 15, 48. எட்டு எண்கள் என்பதால் நாலாவதும் ஐந்தாவதும் நடு. 9ஐயும் 10ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 9.5. வரிசைப்படுத்தும்போது மூன்று 7 இருந்தால் மூன்றையும் எழுத வேண்டும், ஒன்றாகச் சுருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் எட்டு இருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிவிடுங்கள்.

முகடு: 3 என்பது எத்தனை தடவை வந்தது என்பது. கேட்பது அதிகத் தடவை வந்த எண் எது என்று. விடை 7.

வீச்சு: மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழிக்க வேண்டும், 48 − 7 = 41. ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும்.

அந்த 48ஐ நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், எல்லாம் அடக்கமாகிவிடும்.

பதில் 2 – நடுவெண்

மேலே சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. ஒட்டாமல் நிற்கிறது என்பதற்காக ஓர் எண்ணைத் தூக்கி எறியக் கூடாது. 4.8 என்பதில் புள்ளி விட்டுப்போய் 48 ஆனதா, அலகு மாறிவிட்டதா, இல்லை உண்மையிலேயே 48தானா என்று முதலில் பார்க்க வேண்டும். பிழை என்று தெரிந்தால் திருத்தலாம், நீக்கலாம். உண்மையான மதிப்பு என்றால் இருக்கட்டும். எந்த அளவைச் சொல்வது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

48 இருக்கும்போதும் இல்லாதபோதும் என்ன ஆகிறது என்று பாருங்கள். சராசரி 14.375இலிருந்து ஏறக்குறைய 9.57க்கு விழுகிறது. வீச்சு 41இலிருந்து 8க்கு வந்துவிடுகிறது. இடைநிலையோ 9.5இலிருந்து 9, அவ்வளவுதான். 48க்குப் பதில் 480 என்று வைத்தால் சராசரி 68.375 ஆகிவிடும், இடைநிலை 9.5இலேயே உட்கார்ந்திருக்கும். அது இடத்தை மட்டும் பார்க்கிறது, கடைசி எண் எவ்வளவு பெரியது என்று கேட்பதே இல்லை.

சராசரி ஏன் இப்படி இழுபடுகிறது? அதை ஒரு ஏற்றப்பலகையின் (சீசா) தாங்குபுள்ளியாக நினையுங்கள். 14.375க்குக் கீழே இருக்கும் ஆறு எண்களின் குறைகளைக் கூட்டினால் 34.25. மேலே இருப்பவை இரண்டே இரண்டு: 15 தருவது 0.625, 48 தருவது 33.625. அதுவும் கூட்டினால் 34.25. ஆறு பேர் ஒரு பக்கம், கிட்டத்தட்ட ஒரே ஆள் மறுபக்கம். இந்தத் தொகுப்பில் ‘வழக்கமாக எவ்வளவு’ என்று கேட்டால் நான் 9.5ஐத்தான் சொல்வேன். ஆனால் மொத்தம் முக்கியம் என்றால் சராசரிதான் உதவும்: 14.375ஐ 8ஆல் பெருக்கினால் 115 திரும்பக் கிடைக்கும். இடைநிலையிலிருந்து மொத்தத்தை மீட்க வழியே இல்லை.

இன்னொன்று. முகடு = 3 × இடைநிலை − 2 × சராசரி என்று ஒரு சூத்திரம் பலருக்கு மனப்பாடம். இங்கே போட்டால் 28.5 − 28.75 = −0.25. எல்லாமே நேர்ம எண்கள், முகடு மட்டும் குறை எண்ணாம்! எண்களின் பரவல் ஒரு பக்கமாக லேசாக மட்டும் சாய்ந்திருக்கும்போது தோராயமாகப் பொருந்துகிற சூத்திரம் அது. கையில் எண்கள் இருக்கும்போது எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

கூட்டல்கழித்தல்

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். இன்னும் இரண்டு சந்தேகம். அட்டவணையாகக் கொடுத்தால் என்ன செய்வது? மதிப்புகள் 0, 1, 2, 3, 4. நிகழ்வெண்கள் (ஒவ்வொன்றும் எத்தனை தடவை வந்தது என்பது) முறையே 5, 8, 4, 2, 1. அடுத்தது தலைகீழ்க் கணக்கு: ஐந்து முழு எண்கள், சராசரி 7, இடைநிலை 5, ஒரே முகடு 4, வீச்சு 8. எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பதில் 3 – குவிவெண்

அட்டவணையை விரித்துப் பாருங்கள்: ஐந்து 0, எட்டு 1, நான்கு 2, இரண்டு 3, ஒரு 4. ஆக 20 எண்கள். ஐந்து வரிசைதானே என்று 5ஆல் வகுப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு. பெருக்கிக் கூட்டினால் 0 + 8 + 8 + 6 + 4 = 26, அதை 20ஆல் வகுக்க 1.3. பூஜ்யம் கூட்டுத்தொகைக்கு ஒன்றும் தராது என்று அந்த ஐந்தையும் எண்ணிக்கையில் விட்டுவிட்டு 15ஆல் வகுப்பவர்களும் உண்டு. பூஜ்யமும் ஒரு மதிப்புதான்.

இடைநிலைக்கு நிகழ்வெண்களைக் குவித்துக்கொண்டே போங்கள்: 5, 13, 17, 19, 20. பத்தாவதும் பதினோராவதும் வேண்டும். ஐந்தோடு 0 முடிகிறது, ஆறிலிருந்து பதின்மூன்று வரை 1. இரண்டுமே 1, ஆக இடைநிலை 1. முகடும் 1 (8 அல்ல). வீச்சு 4 − 0 = 4. நிகழ்வெண்களில் பெரியது 8, சிறியது 1 என்று கழித்து 7 எழுதினால் அது வேறு எதற்கோ விடை.

தலைகீழ்க் கணக்கில் ஏறுவரிசையாக ஐந்து கட்டம் போடுங்கள். நடுக்கட்டம் 5. முகடு 4 என்பதால் 4 குறைந்தது இரண்டு தடவை வர வேண்டும். 5ஐவிடச் சிறிய எண்ணுக்கு இருப்பதே இடப்பக்கத்து இரண்டு கட்டங்கள்தான், இரண்டிலும் 4. வீச்சு 8, ஆக கடைசிக் கட்டம் 12. சராசரி 7 என்றால் மொத்தம் 35. நாலும் சேர்ந்து 25, மீதி 10. விடை 4, 4, 5, 10, 12. சராசரி 6 என்று கொடுத்திருந்தால் நாலாவது கட்டத்தில் 5 வந்து, 5உம் இரண்டு தடவையாகி, இரண்டு முகடு ஆகியிருக்கும். அப்போது கணக்கே செல்லாது. அதனால் கண்டுபிடித்த எண்களைக் கடைசியில் நிபந்தனைகளோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

பதில் 4 – விரிதாள்

எக்செல்லில் செய்பவர்களுக்கு: ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, 0 இருந்தால் சேர்க்கும். ‘தகவல் இல்லை’ என்பதற்கு 0 போட்டு வைத்தால் சராசரி சத்தமில்லாமல் இறங்கிவிடும். எந்த எண்ணும் இரண்டாவது தடவை வராவிட்டால் மோட் ஃபார்முலா பிழைக்குறி காட்டும். அது உங்கள் தவறல்ல, முகடு இல்லை என்று பொருள். வீச்சுக்குத் தனி ஃபார்முலா கிடையாது, மேக்ஸிலிருந்து மின்னைக் கழிக்க வேண்டும்.

இலங்கைப் பாடநூல்களையும் வைத்துப் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே ‘இடை’ என்றால் சராசரி, ‘இடையம்’தான் இடைநிலை, முகடுக்கு ‘ஆகாரம்’. வீச்சு மட்டும் இரண்டு பக்கமும் வீச்சுதான்.