மறுமொழி: மானுமிஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'அடிமை விடுதலை' ஏற்கெனவே இருக்கிறதே, போதாதா?

போதாது ஐயா. 1863இல் லிங்கன் அறிவித்ததையும் அப்படித்தான் சொல்கிறோம். அது ஒரே ஆணையில் பல லட்சம் பேரைப் பற்றியது. மானுமிஷன் (manumission) என்பது ஓர் எஜமானர் தன்னிடமுள்ள ஓர் அடிமையை மட்டும் எழுதிக்கொடுத்து விடுதலை செய்வது. பக்கத்து வீட்டு அடிமை அடிமையாகவே இருப்பார். லத்தீன் மூலத்துக்கு நேர்ப்பொருள் 'கையிலிருந்து விடுதல்'. அப்படியே தமிழாக்கினால் 'கைவிடுதல்'! 'எஜமானர் அவரைக் கைவிட்டார்' என்று சிறுவர் நாவலில் எழுதினால் கதை தலைகீழாகிவிடும். நேற்று ஒருவர் சொன்ன 'ஆள்விடுப்பு' நறுக்கென்று இருக்கிறது, ஆனால் லீவு போட்டதுபோல் ஒலிக்கிறது. பொதுச்சொல்லாக 'ஆள்விடுவிப்பு' எனக்குச் சம்மதம்.

என் சிக்கல் வேறு. நான் மொழிபெயர்க்கும் நாவலின் நாயகர் அமோஸ் ஃபார்ச்சூன், தோல் பதனிடும் தொழிலாளி. 1770இல், ஏறக்குறைய 60 வயதில், மாசசூசெட்ஸின் வோபர்னில் தன் விடுதலையைக் காசு கொடுத்துத் தானே வாங்கினார். இதை 'விடுவிப்பு' என்றால் பெருமை எஜமானர் வீட்டுக்குப் போய்விடும். அதனால் 'தன்மீட்பு' என்று வைத்திருக்கிறேன். அடகு நகையை மீட்பதுபோல் காசும் அதில் இருக்கிறது, முன்பு தன்னுடையதாக இருந்தது என்பதும் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஜாஃப்ரியில் அவர் கல்லறைக் கல்லே 'ஆப்பிரிக்காவில் சுதந்திரராகப் பிறந்தவர்' என்றுதான் சொல்கிறது.

வரைவைப் படித்த என் அக்கா மகள், எட்டு வயது, "அவரை யாரு அடகு வச்சா?" என்று கேட்டாள். யாரும் வைக்கவில்லை, திருடிக்கொண்டு வந்தார்கள் என்றேன். "அப்புறம் எதுக்குக் காசு குடுக்கணும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்லை மட்டும் மாற்றவில்லை.

அமோஸின் மனைவி வயலட் விஷயம் இன்னும் குழப்பம். அமோஸ் 1779இல் அவரை விலைக்கு வாங்கி மணந்துகொண்டார். வயலட்டின் கல்லறையில் 'விற்பனையால் அமோஸின் அடிமை, திருமணத்தால் அவர் மனைவி' என்றே பொறித்திருக்கிறார்கள். இதற்கு ஆள்விடுவிப்பும் ஒட்டவில்லை, தன்மீட்பும் ஒட்டவில்லை. இப்போதைக்கு 'மீட்டு மணந்தார்' என்று ஒப்பேற்றியிருக்கிறேன்.

எஜமானர் எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு 'விடுதலைச் சீட்டு' போதுமா? 'ஓலை' என்றால் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட ஆளோலை நினைவுக்கு வந்துவிடுகிறது, அது ஒருவரை அடிமை என்று காட்டும் நேர் எதிர்ப் பத்திரம். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.