கர்ட்டோசிஸுக்குத் 'தட்டை அளவை' பொருந்துமா?

கர்ட்டோசிஸ் (kurtosis) என்பது ஒரு பரவலை, அதாவது எண்கள் சிதறியிருக்கும் விதத்தை, விவரிக்கும் புள்ளியியல் அளவு. பாடநூலில் அதற்குத் 'தட்டை அளவை' என்று இருக்கிறது, நம் கலைச்சொல் பட்டியலிலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பரவலின் வரைபடத்தில் உச்சி தட்டையா கூரா என்பதை அந்த எண் அளப்பதே இல்லை. கணக்குப் போட்டாலே தெரியும்.

91 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு முறை வரட்டும். சராசரி 95, உச்சி முழுத் தட்டை. சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகும் அளவான விலக்கங்களின் நான்காம் படிகளுக்குச் சராசரி கண்டு, அதை விலக்க வர்க்கச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தால் 1.77. இப்போது 45, 145 என்ற இரண்டு எண்களை மட்டும் சேருங்கள். சராசரி மாறாது, நடுவிலுள்ள ஒன்பது எண்களும் அப்படியே தட்டையாக நிற்கின்றன. விடையோ 5.37 ஆகிவிடுகிறது! மணி வடிவ இயல்நிலைப் பரவலுக்கு (normal distribution) 3 என்பதால், பாடநூல்படி இது கூரிய உச்சி. காரணம் நான்காம் படிதான்: ஓர எண்கள் இரண்டும் சேர்ந்து 1,25,00,000 தருகின்றன, நடு ஒன்பதும் சேர்ந்து வெறும் 708.

1905இல் கார்ல் பியர்சன் இந்த அளவைத் தட்டைத்தன்மையோடு இணைத்துப் பெயரிட்டார். நம் மூத்தோர் அதைச் சரியாகவே தமிழாக்கினார்கள். பிழை மூலத்திலேயே இருக்கிறது, அதை நாம் சுமக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை 'வால்கனம்'. வால் என்பது வரைபடத்தில் நடுவிலிருந்து விலகி நீளும் ஓரப் பகுதி. வால்கனம் மிக்க பரவல், வால்கனம் குறைந்த பரவல் என்று இயல்பாக நீளும். 3 கழித்த அளவுக்கு 'மிகை வால்கனம்' என்று தனிப்பதிவு கட்டாயம் வேண்டும். எக்செல் தருவது அதைத்தான், அதுவும் கூறுக்கான (sample, முழுத் தொகுதியிலிருந்து எடுத்த சில எண்களுக்கான) திருத்தத்தோடு. மேற்கண்ட 11 எண்களுக்கு 2.37 வரும் என்று எதிர்பார்க்கும் மாணவருக்கு அது 4.78 காட்டும்.

கோட்டத்துக்கும் (skewness, பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதன் அளவு) வால்தானே, குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். கோட்டம் எந்தப் பக்க வால் நீளம் என்று சொல்கிறது, அதனால் அதற்குக் குறி உண்டு. வால்கனம் இரு பக்கத்தையும் சேர்த்தே எடைபோடுகிறது, மறைக்குறி வராது (3 கழித்தால் வரலாம்).

'கோட்டம்' நல்ல சொல், இருக்கட்டும். வலக்கோட்டம் என்பதை மட்டும் 'வலவால் கோட்டம்' என்று விரிக்க வேண்டும். வருமானப் பரவலில் மேடு இடப்பக்கம், வால் வலப்பக்கம். மாணவர் கண் மேட்டில் நின்றுவிடுவதால் இடக்கோட்டம் என்று எழுதிவிடுகிறார்கள்.

முகடு (mode, மிக அதிக முறை வரும் மதிப்பு) பற்றிச் சிக்கல் இல்லை. ஒருமுகட்டுப் பரவல், இருமுகட்டுப் பரவல் போதும். முகட்டுக்கு இலங்கையில் வழங்கும் 'ஆகாரம்' என்பதையும் அங்குள்ள வாசகருக்காக அதே பதிவில் சேர்த்துவிடலாம்.