புதுப்பிப்பு: ஏற்காட்டு வராந்தா விளக்குகளுக்கு டிம்மர்

முந்தைய பதிவில் சொன்ன சிக்கல் இது: திறந்த வராந்தாவில் 5 வாட் எல்இடி பல்புகள் எட்டு, சாதாரண டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்). ஒளியைக் குறைத்தால் துடிக்கும். இப்போது தீர்ந்துவிட்டது.

காரணம் சுமைதான், அதாவது பல்புகள் இழுக்கும் மொத்த வாட். அந்தச் சாதாரண டிம்மர் பழைய குண்டு பல்புக்கானது; அதன் முதுகில் குறைந்தபட்சம் 60 வாட் என்று இருந்தது. எட்டு பல்பும் சேர்ந்து 40 வாட்தான். சுமை போதாவிட்டால் உள்ளே இருக்கும் டிரையாக் (டிம்மரின் மின்னணு சுவிட்ச்) நிலையாகக் கடத்தாது. எல்இடிக்கான டிரெய்லிங் எட்ஜ் டிம்மர் (மின் அலையின் பின்பகுதியை வெட்டி ஒளியைக் குறைக்கும் வகை) போட்டு, பல்புகளையும் ‘டிம்மபிள்’ என்று அச்சிட்டவையாக மாற்றியாயிற்று. இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரை இதற்குப் போடவே வேண்டாம்.

எம்சிபியை (மெயின் பெட்டியில் இந்த லைனுக்கான பிரேக்கர் சுவிட்ச்) அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே பெட்டியைத் திறக்கவும். ஃபேஸ் டிம்மருக்குள் போய், அதன் வெளியீட்டிலிருந்து விளக்குக்குப் போகும். நியூட்ரல் நேராக விளக்குக்கே. பிறகு ஒளியை அடிமட்டத்துக்கு இறக்கி, எட்டும் அணையாமல் எரியும் வரை டிம்மரின் மினிமம் திருகை ஏற்றவும். அணைத்துப் போட்டும் பார்க்கவும். சில பல்புகள் குறைந்த நிலையில் புதிதாகப் பற்றாது.

ஏற்காட்டுப் பனிமூட்டம் மழையைவிட மோசம், எந்த இடுக்கிலும் ஈரம் நுழையும். அதனால் டிம்மர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளி ஜங்ஷன் பாக்ஸ் ஐபி65 (தூசியும் பீச்சும் நீரும் புகாத தரம்), ஒயர் கீழ்ப்பக்கமாக கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் பூண்) வழியே. இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.