ஜூலை நான்குக்கு ஸ்பிரிங்கிள் குக்கீ: யார் யாருக்கு எப்படி வந்தது?

எடிசன்காரி:

ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம் வருகிறது. 1776-லிருந்து கணக்குப் பார்த்தால் 2026 இந்த நாட்டுக்கு 250-வது வருடம், அதனால் எங்கள் தெருவில் இந்தத் தடவை பிளாக் பார்ட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கிறார்கள். யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல் போட்டதில் இனிப்பு என் தலையில் விழுந்தது. நம் ஊர் இனிப்பு கொண்டுபோனால் பெரியவர்கள் ஒன்றை எடுத்து மரியாதைக்குப் பாதி சாப்பிடுவார்கள், பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. அதே மேஜையில் அமெரிக்கக் கொடி நிறத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக ஸ்பிரிங்கிள்ஸ், அதாவது வண்ணச் சர்க்கரைத் தூவல், தூவிய குக்கீ இருந்தால் ஹாட் டாக் வெந்து முடிவதற்குள் தட்டு காலி. அதனால் கோடை வந்தாலே நான் செய்வது இதுதான்.

அளவு சொல்கிறேன். உப்பில்லாத வெண்ணெய் இரண்டு ஸ்டிக் (226 கிராம்), சர்க்கரை ஒன்றேகால் கப், முட்டை ஒன்று, வெனிலா இரண்டு டீஸ்பூன், மைதா இரண்டேகால் கப், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இங்கே மைதா என்று தேட வேண்டாம், ஆல் பர்ப்பஸ் மாவு போதும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் கசியக் கூடாது, அதுதான் பதம். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து, முட்டையும் வெனிலாவும் சேர்த்து, மாவைப் போட்டதும் அது கலந்து மறையும்வரை மட்டும் கிளறினால் போதும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு உருண்டை பிடித்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்பது பத்து நிமிடம்.

நான் சொல்ல வந்ததே ஸ்பிரிங்கிள்ஸ் பற்றித்தான். எல்லாரும் அதை மாவுக்குள் கொட்டிக் கிளறுகிறார்கள். குச்சி குச்சியாக இருக்கும் ஜிம்மீஸ் என்றால் தாங்கும். கடுகளவு உருண்டையாக வருகிறதே நான்பரேல், அதை ஈர மாவில் போட்டால் கிளறும்போதே சாயம் கரைந்துவிடும், அதுவும் சிவப்பும் நீலமும் ஒரே மாவில் சேர்ந்தால் கிடைப்பது மூவர்ணம் இல்லை, ஒரு மாதிரி அழுக்குக் கத்தரிப்பூ நிறம். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து அப்படி ஒரு தட்டு வந்தது. ருசியில் குறையே இல்லை, பாவம், யாரும் கைவைக்கவில்லை.

நான் ஒரு சாஸரில் ஸ்பிரிங்கிள்ஸைப் பரப்பி, உருண்டையின் தலையை மட்டும் அதில் அழுத்தி எடுத்துத் தட்டில் வைப்பேன். அடிப்பக்கத்தில் ஒட்டினால் உருகித் தட்டோடு பிடித்துக் கருகும். வெள்ளை தெரிய வேண்டுமானால் குக்கீ சிவக்கவே கூடாது. ஓரம் லேசாக நிறம் மாறி நடு இன்னும் வேகாத மாதிரி இருக்கும்போதே வெளியே எடுத்துவிட்டு, தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் அந்தச் சூட்டில் மீதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அப்புறம், முட்டை இல்லாமல் செய்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், எதிர்வீட்டில் குஜராத்திக் குடும்பம் ஒன்று இருக்கிறது.

ஃபிரிஸ்கோ அப்பா:

எடிசன் இருக்கும் நியூ ஜெர்சிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் டெக்ஸஸில் ஜூலை மதியம் 100 டிகிரி என்பது சாதாரண நாள். வெண்ணெய் 90-ஐத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும், சாக்லேட்டும் ஏறக்குறைய அங்கேதான். நீச்சல்குளத்துப் பக்கம் நடக்கும் பார்ட்டிக்கு பட்டர்கிரீம் தடவிய கப்கேக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், கேக் ஒரு பக்கம் கிரீம் ஒரு பக்கம் என்று வழிந்துகொண்டிருக்கும். மேலே எதுவும் தடவாத, ஸ்பிரிங்கிள்ஸோடு சேர்த்துச் சுட்ட குக்கீதான் இந்த வெயிலுக்கு லாயக்கு.

இன்னொன்று, வெயிலுக்குப் பயந்து இதைக் கொண்டுபோய் ஐஸ் போட்ட கூலரில் வைக்காதீர்கள். வெளியே எடுத்த நிமிடமே வியர்க்கும். அந்த ஈரத்தில் மேலிருக்கும் சர்க்கரை கரைந்து நீலம் முழுக்க வழிந்து பக்கத்துக் குக்கீயில் ஒட்டிவிடும். நன்றாக ஆறவிட்டு, மூடியுள்ள டப்பாவில் அடுக்குக்கு நடுவே பார்ச்மெண்ட் பேப்பர் போட்டு, நிழலில் வையுங்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் ஏசியும் ஓவனும் ஒரே நேரத்தில் சண்டை போடுவதை என் மனைவி அனுமதிப்பதில்லை. அதனால் நான் ஜூன் கடைசியிலேயே உருண்டை பிடித்து, தலையில் தூவி, தட்டோடு ஃபிரீசரில் வைத்து, கல்லான பிறகு பைக்கு மாற்றிவிடுவேன். மூன்றாம் தேதி இரவு பத்து மணிக்கு மேல் அப்படியே உறைந்த நிலையிலேயே ஓவனுக்குள் போகும், நேரம் மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் கூட. உறைந்த உருண்டை சீக்கிரம் பரவாது, அதனால் நல்ல குண்டாக வரும். சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

சன்னிவேல் மாமி:

முட்டை இல்லாமல் என்று கேட்டிருக்கிறாய் அல்லவா, நான் வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறேன். உன் அளவுக்கு ஒரு முட்டைக்குப் பதிலாகக் கெட்டித் தயிர் மூன்று டேபிள்ஸ்பூன் போடு. தயிர் நீர்க்க இருந்தால் துணியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போடு, இல்லாவிட்டால் குக்கீ கேக் மாதிரி மெத்தென்று ஆகிவிடும். இனிப்பு கூடினாலும் பரவாயில்லை என்றால் கண்டென்ஸ்டு மில்க் இன்னும் நன்றாகப் பிடிக்கும், அப்போது சர்க்கரையைக் கால் கப் குறைத்துக்கொள். ஆளி விதைப் பொடியை நான் இதற்குப் போடுவதில்லை, வெளுத்த மாவில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

ஆனால் முட்டையை நிறுத்திவிட்டால் சைவம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஸ்பிரிங்கிள்ஸ் டப்பாவைத் திருப்பிப் பார். "கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ்" என்று போட்டிருந்தால் அது அரக்கு, அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து எடுப்பது. பளபளப்புக்காக மேலே பூசுகிறார்கள். "கார்மைன்" என்றிருந்தால் அந்தச் சிவப்பே பூச்சியை அரைத்து எடுத்தது. கார்னாபா மெழுகு என்றால் பனைவகை மரத்து இலையில் கிடைப்பது, அதில் பிரச்சினை இல்லை. எங்கள் வீட்டில் என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலேயே நின்று அவ்வளவையும் படிப்பார், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் குஜராத்திக் குடும்பம் ஜைனராக இருந்தால் இதைக் கேட்டுவிட்டே வாங்குவது நல்லது.

சாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரெட் 3 என்ற சிவப்புச் சாயத்துக்கு இருந்த அனுமதியை அமெரிக்க உணவு, மருந்துத் துறையான எஃப்டிஏ 2025 ஜனவரியில் ரத்து செய்தது, உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். அதனால் பழைய டப்பாவில் அது இன்னும் இருக்கலாம். நான் இப்போது பீட்ரூட், ஸ்பைருலினா வகையறா சாயம் போட்டதைத்தான் வாங்குகிறேன். அதில் ஒரு சங்கடம், சூட்டில் நிறம் மங்கும். பீட்ரூட் சிவப்பு பழுப்பாகிவிடுகிறது. அந்த வகை என்றால் ஓவனுக்குள் அனுப்பாமல், குக்கீ வெளியே வந்த சூட்டோடு மேலே தூவி ஸ்பூன் முதுகால் லேசாக அழுத்திவிடு, ஒட்டிக்கொள்ளும்.

எடிசன்காரி:

மாமி, அரக்கு விஷயம் எனக்குப் புதுசு. உடனே போய் டப்பாவைப் பார்த்தேன், கிளேஸ் போட்டதுதான். எதிர்வீட்டுக்கு வேறு வாங்குகிறேன்.

ஸ்கார்பரோ:

நாங்கள் உங்களுக்கு மூன்று நாள் முந்தியே கொண்டாடி முடித்துவிடுவோம், ஜூலை 1 கனடா தினம். சிவப்பும் வெள்ளையும் மட்டும்தான், அதனால் அந்தக் கத்தரிப்பூ நிறத் தலையிடி இங்கே இல்லை, சிவப்புச் சாயம் ஊறினாலும் ரோசாவாகத்தான் வரும், பிள்ளைகளுக்கு அதுவும் சந்தோஷம். முன்பு மேப்பிள் இலை அச்சால் வெட்டி, ஐசிங் போட்டு, காயவிட்டு என்று ஒரு முழுநாள் போகும். இப்போது உருண்டைதான். வெட்டி எடுத்த குக்கீயை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், தின்பது உருண்டைக் குக்கீயை.

யாழ்ப்பாணத்து ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பட்டர் கேக் அடித்துப் பழகின கை எங்களுடையது. பட்டரும் சீனியும் வெள்ளையாக நுரைத்து வரும்வரைக்கும் அடிக்காவிட்டால் மனம் ஆறாது. குக்கீக்கு அது கூடாது. அவ்வளவு காற்று ஏறினால் ஓவனுக்குள் பொங்கி, பிறகு அமுங்கிப் பரந்துபோகும், மேலே போட்ட தூவலும் இடைவெளி விட்டு எட்ட எட்ட நிற்கும். பட்டரும் சீனியும் சேர்ந்து வெளிறிய கிரீமாக வந்தால் போதும், இரண்டு நிமிடத்துக்கு மேல் மெஷினை ஓட விடாதீர்கள். என் அம்மா பக்கத்தில் நின்று "இன்னும் அடி, இன்னும் அடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், அவரைச் சாலட் வெட்ட அனுப்பிவிட வேண்டும்.

நேபர்வில் நைட் ஷிப்ட்:

எல்லாரும் வெண்ணெய் பதம், தயிர் பதம் என்று பேசுகிறீர்கள். நான் நர்ஸ், மூன்றாம் தேதி இரவு டியூட்டி முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்து மதியம் பார்ட்டிக்குப் போகிறவள். எனக்குக் கேக் மிக்ஸ்தான் தெய்வம். ஒரு பெட்டி மிக்ஸ், இரண்டு முட்டை, அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய், கையாலேயே கலந்து உருட்டி, தலையில் தூவி, 350-ல் ஒன்பது நிமிடம். முடிந்தது. பில்ஸ்பரிக்காரர்கள் 1989-ல் கொண்டுவந்த ஃபன்ஃபெட்டி மிக்ஸ் என்றால் உள்ளேயே வண்ணம் இருக்கும், ஜூலை நான்குக்குச் சாதா வெள்ளை மிக்ஸும் நீங்கள் வாங்கிய தூவலும் நன்றாக இருக்கும்.

பெட்டி மேலிருக்கும் எடையை மட்டும் பார்த்துவிடுங்கள். பழைய குறிப்புகள் எல்லாம் 18.25 அவுன்ஸ் பெட்டிக்கு எழுதியவை, பிறகு அது 15.25 ஆனது, இப்போது சில பெட்டிகள் 13.25-தான். விலை குறைந்ததா என்று கேட்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய அளவுக்கு எண்ணெயை ஊற்றினால் குக்கீ எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே தட்டாக வரும். சின்னப் பெட்டி என்றால் எண்ணெய் கால் கப்பும் ஒரு டேபிள்ஸ்பூனும் போட்டு, மாவு ஒட்டினால் இரண்டு ஸ்பூன் மைதா சேர்த்துக்கொள்ளுங்கள்.

ருசி? வீட்டில் வெண்ணெய் போட்டுச் செய்ததற்குப் பக்கத்தில் வைத்தால் தெரியும். பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஃபிரிஸ்கோ அப்பா:

கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

நேபர்வில் நைட் ஷிப்ட்:

டியூட்டி புத்தி போகாது, இன்னும் ஒன்று. பிள்ளைகளை உட்காரவைத்து உருட்டச் சொல்லுங்கள், தூவச் சொல்லுங்கள், பச்சை மாவை நக்க மட்டும் விடாதீர்கள். முட்டை போடவில்லையே என்று சமாதானம் சொல்வார்கள், மைதாவும் பச்சையாகச் சாப்பிடுகிற பொருள் இல்லை, அது கிருமி நீக்கப்படாமல்தான் பைக்கு வருகிறது, ஈ. கோலை அதன் வழியாகப் பரவி ஆட்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். கேக் மிக்ஸுக்கும் இதே கதைதான். பார்ட்டி மேஜையில் வைக்கும்போது ஒரு சீட்டில் கோதுமை, பால், முட்டை என்று உள்ளே இருப்பதை எழுதி டப்பாவில் ஒட்டிவிடுங்கள். ஸ்பிரிங்கிள்ஸ் டப்பாவில் "சோயா இருக்கலாம்", "நட்ஸ் இருக்கலாம்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதையும் சேர்த்து. அலர்ஜி உள்ள பிள்ளையின் அம்மா வந்து கேட்கும்போது நாம் கிரில் பக்கம் நின்றுகொண்டிருப்போம்.

புதுசாக வந்தவள், ஆஸ்டின்:

கல்யாணமாகி வந்து முதல் ஜூலை நான்கு. எங்கள் அபார்ட்மெண்டில் ஓவன் இருக்கிறது, ஆனால் அதைப் பாத்திரம் அடுக்கி வைக்கத்தான் பயன்படுத்துகிறோம். ஏர் ஃபிரையரில் வருமா அக்கா?

எடிசன்காரி:

வரும்மா. காற்று வேகமாகச் சுற்றுவதால் சூட்டை 320-க்குக் குறை, அடியில் பார்ச்மெண்ட் வெட்டிப் போட்டு நாலைந்து உருண்டை மட்டும் வை, ஆறு நிமிடத்தில் எட்டிப் பார். பார்ச்மெண்ட்டை வெறுமனே வைத்துச் சூடாக்காதே, பறந்து மேலே போய் ஹீட்டரில் ஒட்டும். ஸ்பிரிங்கிள்ஸை நன்றாக அழுத்திப் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் காற்றில் பறக்கும். முப்பது பேருக்குச் செய்வதென்றால் இது சரிப்படாது, நீங்கள் இரண்டு பேர் பால்கனியில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்ப்பதற்கு என்றால் தாராளம். ஆனால் அந்தப் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓவனிலேயே ஒருமுறை செய்துபார், பிடித்துப்போகும்.

புதுசாக வந்தவள், ஆஸ்டின்:

சரி அக்கா. ஸ்பிரிங்கிள்ஸ் எங்கே மலிவு?

ஃபிரிஸ்கோ அப்பா:

இந்த வருடத்துக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குங்கள். அடுத்த வருடத்துக்கு ஜூலை ஐந்தாம் தேதி காலையில் போங்கள், மூவர்ண டப்பா எல்லாவற்றையும் தள்ளுபடிக் கூடையில் கொட்டிவைத்திருப்பார்கள். மூடியைத் திறக்காமல் அலமாரியில் வைத்தால் கெடாது. சிவப்பையும் வெள்ளையையும் டிசம்பரிலேயே பிள்ளைகள் காலி செய்துவிடுவார்கள், நீலம் மட்டும் மிஞ்சும். எங்கள் வீட்டில் இப்போது நீலமாகவே ஆறு டப்பா இருக்கிறது, ஆஸ்டின் பக்கம் வந்தால் இரண்டு கொண்டுவந்து தருகிறேன்.